கைராசி யாருடையது?

"அந்த டாக்டருக்குக் கைராசி" என்று சொல்லித்தான் நம் தோட்டத்துப் பாட்டிமார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். தோட்ட டிரெசர் ஊசி போட்ட காலத்திலும் இதே பேச்சுதான். இப்போது ரோபோ அறுவை சிகிச்சை வந்துவிட்டது. கோலாலம்பூர் மருத்துவமனையில் 2004இலேயே தொடங்கியாச்சு. பெஸ்தாரி ஜெயாவிலோ தஞ்சோங் காராங்கிலோ ஓர் அம்மாவிடம் "மெஷின்தான் செய்யும்" என்றால், "தப்பாயிட்டா யாரைக் கேட்கிறது?" என்பார். நியாயமான கேள்விதான், தம்பி தங்கைகளே.

சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கும் நோய் ஒன்று உண்டு. அதைச் சரிசெய்யும்போது இரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பார்கள். அரை மணி நேரத்தைத் தாண்டினால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. அந்த அவசரம் ரோபோவுக்குத் தெரியாது. அறை ஓரத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் கைப்பிடியை அசைக்கிறாரே, அவருக்குத்தான் தெரியும். அவர் விரல் அசையாமல் அது அசையாது. கை நடுக்கத்தை வடிகட்டும், அவ்வளவுதான்.

கீதையின் 18ஆம் அத்தியாயம் ஒரு செயலுக்கு ஐந்து காரணங்கள் சொல்கிறது: உடல், செய்பவன், கருவி, முயற்சி, தெய்வம். செய்பவன் வேறு, கருவி வேறு. தான் ஒருவனே செய்தேன் என்பவனையும் அது விடவில்லை, அது டாக்டர்களுக்கு!

ஆயுத பூஜையில் பால்வெட்டும் கத்திக்கும் பொட்டு வைத்தோம். மரத்தில் காயம் பட்டபோது கங்காணி கத்தியையா ஏசினார்?

ஆகவே பாரத்தில் கையெழுத்துப் போடும் முன்னே, கூடப் போகிற படிச்ச பிள்ளைகள் கேட்கணும்: "இதை நீங்க எத்தனை தடவை செஞ்சிருக்கீங்க, டாக்டர்? நடுவில சிக்கலானா வயிற்றைத் திறந்து செய்வீங்களா?" பதிலை அம்மாவுக்குத் தமிழில் சொல்லணும்.