பிராரப்தமும் பந்தாட்டமும்

உடலின் வலிமையால் உலகப் புகழ் பெற்ற ஒருவன், அவ்வலிமை குன்றத் தொடங்கிய பின்னரும் தொழிலை விடாமல், தன்னை அரைகுறையாகவே அறிந்த அந்நிய தேசமொன்றுக்குச் சென்று அங்கே அதைத் தொடர்வானாயின், அச்செயலைப் பற்றென்பதா, கடமையென்பதா, அல்லது வெறும் வியாபாரமென்று சொல்லிவிட்டு அப்பாற் செல்வதா என்பது, மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு விளையாட்டுப் பத்திரிகைகளுக்குரிய விவகாரமாகத் தோன்றலாம். ஆயினும், வேதாந்த விசாரணைக்கென்று கோவிலூரில் ஒரு மடமும் சைவ சித்தாந்தத்திற்கென்று குன்றக்குடியில் ஓர் ஆதீனமும் கூப்பிடு தூரமென்று சொல்லும்படி அமைந்திருக்கிற காரைக்குடிப் பக்கத்தில் வாழும் எனக்கு, அது வினையைப் பற்றிய கேள்வியாகவே படுகிறது.

கடல் கடப்பது இந்தச் சீமைக்குப் புதிதன்று. பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று நகரத்தார் 'கொண்டு விற்க'ப் போன இடங்களுக்கெல்லாம் இளமையிலேயே போனார்கள். மீசை அரும்பும் வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, பின்பு கடை முழுவதையும் பொறுப்பேற்று நடத்தும் மேலாளாகி, மூன்றாண்டுக்கு ஒரு கணக்கென்று கணக்கை முடித்து ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவதும், வீட்டில் சிறிது காலம் தங்கியிருந்து மறுபடி கப்பலேறுவதுமாக அவர்களுடைய நடுவயது கழிந்தது. வயது ஏறிய பின்னரோ அவர்களுடைய பிரயாணத்தின் திசையே மாறிவிடும். கடலை மறந்து வடக்கே காசியை நினைப்பார்கள். அங்கே நகரத்தார் நிறுவிய சத்திரத்திலிருந்து விசுவநாதருக்கு நாள்தோறும் பூஜைத் திரவியங்கள் 'சம்போ' என்ற கோஷத்துடன் எடுத்துச் செல்லப்படுவதைக் கண்ணாரக் காண்பதே பெரியவர்களின் மனோரதமாக இருந்தது. இளமையின் பயணம் வாணிபம், முதுமையின் பயணம் யாத்திரை என்று வயதுக்கும் வழிக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. நான்கு ஆசிரமங்களைப் பற்றி ஏட்டில் படித்தறியாத குடும்பங்களிலும் அது வாழ்க்கையாகவே அமைந்திருந்தது.

பந்தாட்ட உலகின் ஒழுங்கு இதற்கு நேர்மாறானது. அங்கே ஐரோப்பியக் கழகங்களே மத்திய ஸ்தானம். இளமை முழுவதும் அங்கே கழியும். கால் தளர்ந்த பின்னரே அமெரிக்கா, அரேபியா, ஜப்பான், இந்தியா என்று கடல் கடக்கிறார்கள். 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது வந்து சேர்ந்தவர்களின் வயதைப் பார்த்தாலே இது விளங்கும். கேரளக் குழுவின் வாயில் காத்த டேவிட் ஜேம்ஸுக்கு 44 வயது. கோவாவுக்கு ஆடிய ராபர்ட் பைரஸ் நாற்பதைக் கடந்தவர். டில்லிக்கு வந்த அலெஸாண்ட்ரோ டெல் பியரோ இங்கே இருந்தபோதுதான் நாற்பதை எட்டினார். 'ஓய்வூதியம் வாங்க வந்திருக்கிறார்கள்' என்று அப்போது பலர் பரிகாசம் செய்தனர். பரிகாசம் முற்றிலும் அநியாயமானதென்று சொல்ல முடியாது. பத்து ஆட்டங்களில் டெல் பியரோ அடித்தது ஒரே ஒரு கோல்.

ஆனால் பரிகாசத்திற்குப் பின்னால் ஒரு தத்துவம் இருக்கிறது. அதையே நான் விசாரிக்க விரும்புகிறேன். புகழின் உச்சியில் இருக்கும்போதே விலகிவிடுவதுதான் அழகு, அதுவே விரக்தி, இறங்குமுகத்தைப் பிறர் காணும்படி நிற்பது ஆசையின் அடையாளம் என்பது அந்தத் தத்துவம். கேட்பதற்கு உயர்ந்ததாகவே இருக்கிறது.

2006 ஜூலை 9-ஆம் தேதி பெர்லின் நகரில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தை இதற்கு உரைகல்லாக வைத்துப் பார்க்கலாம். அந்தப் போட்டியோடு ஆட்டத்தைத் துறப்பதாக முன்கூட்டியே அறிவித்திருந்த பிரான்சின் ஜினடின் ஜிடேன் முதல் கோலை அடித்தார். இத்தாலியின் தற்காப்பு வீரர் மார்கோ மட்டராஸி தலையால் முட்டி அதைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இருவருக்கும் வாய்ச்சண்டை மூண்டு, ஜிடேன் தம் தலையால் மட்டராஸியின் மார்பில் மோதி, சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். பெனால்டி உதைகளில் இத்தாலி வென்றது. உச்சியில் நின்று விலக வேண்டுமென்று நாள் குறித்து வைத்திருந்தவருக்கு அந்த நாள் அப்படி முடிந்தது. அவர் பிற்காலத்தில் மாட்ரிட் நகரில் மிகச் சிறந்த பயிற்சியாளராக விளங்கினார் என்பதையும் நியாயத்திற்காகச் சொல்லிவிடுகிறேன். மற்றவரோ, அந்த ஒரு நிகழ்ச்சியால் உலகம் முழுவதும் தூற்றப்பட்ட பெயரைச் சுமந்துகொண்டே, எட்டாண்டு கழித்து, 41-ஆம் வயதில், சென்னையின் எஃப்.சி. குழுவுக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்து சேர்ந்தார்.

இவ்விருவரில் யார் பற்றற்றவர் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆயினும் உச்சியில் விலகுவதே துறவு என்ற கொள்கையின் பலவீனம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. தன் புகழ் சிறிதும் பழுதுபடாமல் பிறர் நினைவில் நிற்க வேண்டுமென்பதற்காகத் தொழிலை விடுகிறவன், தொழிலைத்தான் விட்டானே தவிரப் புகழை விடவில்லை. அபிமானம் என்று சாஸ்திரங்கள் கூறுவது செயலின்மேல் இருப்பதைக் காட்டிலும் 'நான் இன்னான்' என்ற எண்ணத்தின்மேல் இருப்பதே அதிகம். முதலிடத்தில் நின்றவன் ஏழாம் இடத்தில் நிற்கவும், பதினெட்டு வயதுப் பையன் தன்னைக் கடந்து ஓடுவதைப் பல்லாயிரம் பேர் பார்க்கவும் உடன்படுகிறான் என்றால், அவன் எதையோ கீழே வைத்துவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும்.

கோவிலூர் மரபில் தமிழ் வேதாந்தம் கற்பவர்கள் முதலில் ஓதும் நூல்களில் ஒன்றான கைவல்ய நவநீதம், வினையை மூன்றாகப் பகுத்துப் பேசுகிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம்; அதில் ஒரு பகுதி பலன் தரத் தொடங்கி இவ்வுடலாய் வந்தது பிராரப்தம்; இப்போது புதிதாய்ச் செய்து சேர்ப்பது ஆகாமியம். ஞானம் பிறந்தவனுக்குச் சஞ்சிதம் எரிந்துபோகும், ஆகாமியம் ஒட்டாது, ஆனால் பிராரப்தம் அநுபவித்தே தீர வேண்டும். குயவன் கையை எடுத்த பின்னும் திகிரி சுற்றிக்கொண்டிருப்பதை வேதாந்திகள் இதற்குத் திருஷ்டாந்தமாகக் காட்டுவார்கள். ஆறு வயதிலிருந்து பந்தோடு பழகிய கால், நாற்பது வயதிலும் பந்தைத் தேடுவது ஏன் பிராரப்தமாக இருக்கக் கூடாது? திகிரி சுற்றுவதில் குற்றமில்லை. மறுபடியும் கையை வைத்துச் சுழற்றுகிறானா என்பதே கேள்வி. இன்னும் ஒரு கோப்பை, இன்னும் ஒரு சாதனை, இன்னும் ஒரு கோடி என்று புதுச் சங்கற்பங்களோடு கப்பலேறுகிறவன் ஆகாமியத்தைத்தான் மூட்டை கட்டுகிறான்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுமே என்றால், ஆம், தோன்றத்தான் செய்யும். எனினும் சில அடையாளங்கள் உண்டு. மூன்று கடன்களைத் தீர்த்த பிறகே மனத்தை மோட்சத்தில் செலுத்த வேண்டுமென்று மநு விதிக்கிறார். தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் பிதிர்களுக்கும் பட்ட அக்கடன்களுள் ரிஷிகளுக்குப் பட்ட கடன் கற்பதாலும் கற்பிப்பதாலும் தீர்வது. இதனோடு ஊரறிந்த கைம்மாற்றுக் கடனையும் சேர்த்துக்கொண்டால் பெலேயின் வரலாறு விளங்கும். 1974-ல் சாந்தோஸ் கழகத்தில் விடைபெற்றவர், மறு ஆண்டே 34-ஆம் வயதில் நியூயார்க் காஸ்மாஸ் குழுவில் சேர்ந்ததற்கு ஒரு முக்கிய காரணம், ஒரு கம்பெனியின் கடனுக்கு ஜாமீன் நின்று அவர் இழந்த பொருள். ஜாமீன் கையெழுத்தின் கனம் செட்டிநாட்டில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. கடனை அடைக்கப் போனவர் கடனை மட்டும் அடைத்துத் திரும்பவில்லை. அந்த ஆட்டத்தை அதுவரை சட்டை செய்யாத ஒரு தேசத்தின் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிக் கொடுத்தார். 1977 செப்டம்பர் 24-ல் அக்குழுவோடு கல்கத்தாவுக்கு வந்து, மழையில் ஊறிய ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் மோகன் பகானுக்கு எதிராக ஆடினார். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. அடுத்த வாரமே, அக்டோபர் 1-ல், தம் இறுதியாட்டத்தின் முதற்பாதியைக் காஸ்மாஸ் சட்டையிலும் மறுபாதியைச் சாந்தோஸ் சட்டையிலும் ஆடி முடித்தார். உண்ட இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் கணக்குத் தீர்த்தவர் அவர்.

சைவ சித்தாந்திகள் இன்னோர் அடையாளம் கூறுவார்கள். நல்வினைப் பயனும் தீவினைப் பயனும் மனத்துக்குச் சமமாகத் தோன்றும் நிலையை அவர்கள் இருவினையொப்பு என்பர். ஜப்பானின் கஸுயோஷி மியூராவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இச்சொல்லே நினைவுக்கு வருகிறது. பெலே வளர்ந்த அதே சாந்தோஸ் கழகத்தில் இளமையில் இடம் பெற்ற அவர், 2023-ன் தொடக்கத்தில், 55-ஆம் வயதில், போர்ச்சுகல் நாட்டின் இரண்டாம் பிரிவில் அப்போது ஆடிய ஒலிவெய்ரென்ஸ் என்ற சிறு கழகத்துக்குப் போனார். ஆட்டம் முடியும் தறுவாயில் சில நிமிடங்களே களத்தில் இறக்கப்பட்டார். பேரன் எடுக்கும் வயதில் இது வேண்டாத பிடிவாதம் என்று சொல்பவர்கள் இருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கும் பொறுமையைப் பிடிவாதம் என்பதற்கு எனக்கு நா எழவில்லை.

இனி, மறுதரப்பின் மிக வலிய வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். மகாபாரதத்து யயாதி, முதுமை வந்தடைந்தபோது மகன் பூருவின் இளமையை வாங்கிக்கொண்டு நெடுங்காலம் போகங்களை அநுபவித்து, அநுபவத்தால் ஆசை அடங்காதென்று கண்டு, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தான். முதிய நட்சத்திரம் ஒருவர் களத்தில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் யாரோ ஓர் இளைஞனுடைய நிமிடமல்லவா? 2014-ல் சூப்பர் லீக் விதிப்படி களத்தில் நின்ற பதினொருவரில் ஆறுபேர் வரை அயல்நாட்டாராக இருக்கலாம். ஐந்து இந்தியர்கள் இருந்தால் போதும். ஐஸ்வாலிலும் இம்பாலிலும் வியாசர்பாடியிலும் பந்தை உதைத்து வளர்ந்த பூருக்கள் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆறு 2017-ல் ஐந்தாகவும், 2021-ல் நான்காகவும் குறைக்கப்பட்டது. குறைத்தது நியாயம். இரவல் வாங்கிய இளமையைத் திருப்பிக் கொடுக்கத் தெரியாத முதுமை, எந்த நாட்டிலிருந்து வந்தாலும், எவ்வளவு பிரசித்தி பெற்றதாயினும், பழிக்கத்தக்கதே.

பொருளுக்காக மட்டுமே போகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொருள் தேடுவது நான்கு புருஷார்த்தங்களில் ஒன்று. வட்டிக்கடை வைத்து வாழ்ந்த மண்ணிலிருந்து எழுதுகிறவன் அதை இகழ்ந்தால் நகைப்புக்கிடமாகும். 2022 டிசம்பரில் ரியாத் நகரின் அல் நாசர் கழகத்தோடு கிறிஸ்டியானோ ரொனால்டோ செய்துகொண்ட ஒப்பந்தம் வாணிபமென்றால் நல்ல வாணிபமாகவே இருக்கட்டும். அதைச் சேவையென்று பெயர் சூட்டாதவரையில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நகரத்தார் லாபத்தில் மகமை எடுத்துக் கோயிலுக்கு வைத்தார்கள். மகமையையே வியாபாரமென்றோ, வியாபாரத்தையே மகமையென்றோ எழுதிவைக்கவில்லை.

மட்டராஸியும் சம்பளத்துக்கே வந்தார். அதில் ஒளிவு மறைவு இல்லை. முதல் பருவத்தில் சில ஆட்டங்களில் தாமே களமிறங்கினார். குழு பட்டியலின் தலைமையிடத்தைப் பிடித்தும் அரையிறுதியில் கேரளத்திடம் தோற்றது. இரண்டாம் பருவத்தில் அவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே பயிற்சியாளராக மட்டும் நின்றார்; யயாதி திருப்பிக் கொடுத்ததை அவர் அந்த ஆண்டு கொடுத்தார் என்றே நான் கொள்கிறேன். பட்டியலின் அடியில் கிடந்த குழு எழுந்து வந்தது. 2015-ன் பெருவெள்ளத்தால் சென்னையில் ஆட முடியாமல் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆடியது. டிசம்பர் 20-ல் கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் 3-2 என்று கோப்பையை வென்றது. மூன்றாம் பருவம் சோபிக்கவில்லை. அரையிறுதிக்கும் செல்ல முடியாமற்போயிற்று. மூன்று பருவம் முடிந்து, 2017 மார்ச்சில், அவர் விடைபெற்றுக்கொண்டு போனார். அடுத்த ஆண்டு ஜான் கிரிகோரி என்ற ஆங்கிலேயரின் பயிற்சியில் சென்னைக் குழு பெங்களூரில் இரண்டாம் முறையாகக் கோப்பையை வென்றது.