இணையப் பங்கும் பொறுமையின் எல்லையும்

ஊகத்தன்மை மிகுந்த பங்கு என்பது, நிறுவனம் இன்று ஈட்டும் இலாபத்தைக் கணக்கிட்டு வாங்கப்படுவதன்று. என்றோ ஒருநாள் ஈட்டக்கூடும் என்று நம்பப்படும் இலாபத்துக்கு இன்றே விலை கொடுத்து வாங்கப்படுவதாகும். அத்தகைய பங்கைக் கையில் வைத்திருப்பவர் விலை சரியும்போதெல்லாம் கேட்கும் அறிவுரை, பொறுமையாக இருக்க வேண்டும் என்பதே. அந்த அறிவுரையைத் தவறென்று ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் எதை எதிர்நோக்கிப் பொறுத்திருப்பது என்பதையும், எது நடந்தால் அந்தப் பொறுமையைக் கைவிடுவது என்பதையும் சொல்லாத அறிவுரை, சேமிப்பை நம்பி வாழும் ஒருவருக்குப் பயன் தருவதைவிடத் தீங்கு செய்வதே அதிகம். இதை ஆராய அமேசான் நிறுவனம் பங்குச் சந்தையில் கழித்த முதல் 12 ஆண்டுகளைப் போலப் பொருத்தமான சான்று வேறில்லை. ஏனெனில் பொறுமையின் பெருமையைப் பேசுவோர் அனைவரும் இறுதியில் வந்து நிற்கும் இடம் அதுதான்.

அமேசான் 1997 மே 15 அன்று, ஒரு பங்கு 18 டாலர் என்ற வெளியீட்டு விலையில், அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இடம்பெற்றது. அடுத்த இரண்டரை ஆண்டுகளுக்குள் அதன் பங்குகள் மூன்று முறை பிரிக்கப்பட்டன. பங்குப் பிரிப்பு என்பது, நிறுவனத்தின் மொத்த மதிப்பை மாற்றாமல், பங்குகளின் எண்ணிக்கையைப் பெருக்கி ஒவ்வொன்றின் விலையையும் அதே விகிதத்தில் குறைப்பதாகும். அதன்படி 1997இல் வாங்கிய ஒரு பங்கு 1999 இறுதியில் 12 பங்குகளாயிற்று, அதன் அடக்க விலையும் ஒன்றரை டாலராயிற்று. 1999 டிசம்பரில் இந்தப் புதிய பங்கு 100 டாலரைத் தாண்டி ஏறத்தாழ 106 டாலர் வரை ஏறி, 2001 செப்டம்பர் இறுதியில் 6 டாலருக்குச் சற்றுக் கீழே வந்தது. பழைய உச்சத்தை அது மீண்டும் தொட்டது 2009இல்தான்.

வெளியீட்டு விலையில் 100 பங்குகளை 1,800 டாலருக்கு வாங்கியவரிடம், அந்த அடிமட்டத்திலும் ஏறத்தாழ 7,200 டாலர் இருந்தது. அதாவது முதலீடு நான்கு மடங்காகியிருந்தது. ஆனால் அவர் தம் கணக்கை 1,800இலிருந்து தொடங்கியிருப்பாரா என்பது ஐயமே. ஏறத்தாழ ஈராண்டுக்கு முன்பு அதே பங்குகளின் மதிப்பு 1,27,000 டாலராக இருந்ததைக் கண்டவர் அவர். மனம் அந்த உச்சத்தையே தன் சொந்தச் சொத்தாகக் கொண்டு, அங்கிருந்தே இழப்பை அளந்திருக்கும். டேனியல் கானெமானும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் விளக்குகிறது: மனிதர் தம்மிடம் உள்ளதன் மொத்த அளவைக் கொண்டு மகிழ்ச்சியையும் துயரத்தையும் உணர்வதில்லை, ஏதோ ஒரு குறிப்புப் புள்ளியிலிருந்து ஏற்பட்ட மாற்றத்தைக் கொண்டே உணர்கின்றனர், அதே அளவு இலாபம் தரும் மகிழ்ச்சியைவிட இழப்பு தரும் வலி பெரிது. எனவே நான்கு மடங்கு பெருகிய முதலீட்டைக் கையில் வைத்திருந்தபோதே தாம் அழிந்துவிட்டதாக எண்ணி விற்றவர்கள் இருந்திருப்பர் என்றால் அதில் வியப்பில்லை.

உச்சத்தில் வாங்கியவரின் நிலை முற்றிலும் வேறு. அவருடைய பணத்தில் நூற்றுக்கு 94 பங்கு கரைந்துபோயிருந்தது. 94 விழுக்காடு இழந்தவர் 94 விழுக்காடு ஏற்றத்தால் மீள முடியாது. மிஞ்சியது ஏறத்தாழ 17 மடங்காக வேண்டும். அதற்கு அவர் பத்தாண்டுகள் காத்திருந்தார், அந்தப் பத்தாண்டுகளுக்கும் வட்டியின்றி. இருவரும் வைத்திருந்தது ஒரே நிறுவனத்தின் பங்கு, இருவரிடமும் இருந்தது ஒரே அளவு பொறுமை என்று கொண்டாலும், ஒருவருக்கு அது செல்வத்தையும் மற்றவருக்கு வெறும் மீட்சியையும் தந்ததற்குக் காரணம் அவர்கள் கொடுத்த விலையே. மிகை விலையில் வாங்கிய தவறைக் காலம் திருத்தித் தரலாம், ஆனால் அதற்கு அது வசூலிப்பது ஒருவருடைய நடுவயது முழுவதையும்.

அந்த இடைக்காலத்தில் நிறுவனத்துக்குள் என்ன நிகழ்ந்தது என்பது விலையேற்ற இறக்கத்தைவிட ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. 2000ஆம் ஆண்டில் அமேசானின் விற்பனை 276 கோடி டாலர், நிகர இழப்பு 141 கோடி டாலர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் லேமன் பிரதர்ஸ் நிறுவனத்தின் கடன்பத்திர ஆய்வாளர் ரவி சூரியா, அமேசானிடம் கையிருப்புப் பணம் தீர்ந்துபோகக்கூடும் என்று எச்சரித்து எழுதிய அறிக்கை சந்தையை உலுக்கியது. அவர் எழுப்பிய கேள்வி நியாயமானதே. அமேசான் பிழைத்ததற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். வாடிக்கையாளர் பொருளை வாங்கும்போதே பணம் செலுத்திவிடுகிறார், அப்பொருளைத் தந்த வணிகருக்கோ நிறுவனம் பல வாரங்கள் கழித்தே பணம் கொடுக்கிறது. இந்த இடைவெளியால் விற்பனை பெருகப் பெருகப் பிறருடைய பணமே அதன் நடைமுறை மூலதனமாயிற்று. இது வணிக அமைப்பின் வலிமை. மற்றொன்று, சந்தை உடைவதற்குச் சற்று முன்பு, 2000 பிப்ரவரியில், பின்னாளில் பங்காக மாற்றிக்கொள்ளத்தக்க கடன்பத்திரங்களை ஐரோப்பாவில் விற்று அது திரட்டிய 69 கோடி யூரோ. நாஸ்டாக் குறியீடு மார்ச் 10 அன்று 5,048 புள்ளிகளில் உச்சம் கண்டு, பின்பு 2002 அக்டோபரில் 1,114 வரை வீழ்ந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தக் கடன்பத்திர விற்பனை சில மாதங்கள் தள்ளிப்போயிருந்தால் கதை எப்படி முடிந்திருக்கும் என்ற கேள்வி எழாமல் இராது. பொறுமைக்குப் பரிசு கிடைத்ததாகச் சொல்லப்படும் கதைகளில் இத்தகைய தற்செயல்களுக்கு உரிய இடம் தரப்படுவதில்லை.

எனவே அக்காலத்தில் அறிவுடன் காத்திருந்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமாயின், அவர் அன்றாட விலையைப் பார்த்திருந்தவராக அன்றி, ஒவ்வொரு காலாண்டிலும் கையிருப்புப் பணம் எவ்வளவு குறைந்தது, இழப்பு விற்பனையின் விகிதமாகச் சுருங்குகிறதா என்பவற்றைப் பார்த்திருந்தவராகவே இருக்க முடியும். 2001இன் கடைசிக் காலாண்டில், 100 கோடி டாலரைத் தாண்டிய விற்பனையில், 50 லட்சம் டாலர் நிகர இலாபம் வந்தபோது அவருடைய காத்திருப்புக்கு முதல் சான்று கிடைத்தது. 2003இல் முழு ஆண்டு இலாபமாக 3.5 கோடி டாலர் வந்தபோது அது உறுதிப்பட்டது. அந்தச் சான்றுகள் வராமல் போயிருந்தால் விற்றுவிட்டு வெளியேறியிருக்கவும் அவர் ஆயத்தமாக இருந்திருப்பார்.

ஏனெனில் அதே காலத்தில் அதே உறுதியோடு காத்திருந்த மற்றவர்களும் உண்டு. வளர்ப்புப் பிராணிகளுக்கான பொருள்களை விற்ற பெட்ஸ்.காம் நிறுவனத்தில் அமேசானே முதலீடு செய்திருந்தது. 2000 பிப்ரவரியில் சந்தைக்கு வந்த அந்நிறுவனம் நவம்பரில் மூடப்படுவதாக அறிவித்தது. மளிகைப் பொருள்களை வீட்டுக்கே கொண்டுவந்து தந்த வெப்வான் 2001 ஜூலையில் திவாலாயிற்று. இன்று நகரந்தோறும் நடக்கும் வணிகம் அது. எண்ணம் சரியாகவே இருந்தும் நிறுவனம் நிலைக்கவில்லை. நிலைத்து நின்று வளர்ந்த நிறுவனங்களின் பங்குதாரர்களுக்கும் உறுதியேதும் இருக்கவில்லை. 2000 மார்ச்சில் சிறிது காலம் உலகின் மிக உயர்ந்த சந்தை மதிப்பைப் பெற்றிருந்த சிஸ்கோ, பல ஆண்டுகள் பெரும் இலாபம் ஈட்டிய பின்னும், 20 ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பழைய பங்கு விலையை எட்டவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே 1999 அக்டோபரில் நாஸ்டாக்கில் இடம்பெற்ற முதல் இந்திய இணைய நிறுவனமாகி, அடுத்த மாதமே இந்தியாவேர்ல்டு நிறுவனத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தபோது, இந்தியாவில் இணையத்தின் எதிர்காலம் குறித்து அது கொண்டிருந்த நம்பிக்கை பின்னாளில் மெய்யே ஆயிற்று. சிஃபி என்ற பெயரில் நிறுவனமும் இன்றுவரை இயங்குகிறது. ஆனால் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உச்ச விலை கொடுத்து அதன் பங்கை வாங்கியவருக்கு அந்த இரண்டு உண்மைகளாலும் பணம் திரும்பவில்லை. ஹெண்ட்ரிக் பெசெம்பைண்டர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிந்த பரப்பில் காட்டுகிறது: 1926 முதல் அமெரிக்கச் சந்தையில் இடம்பெற்ற பங்குகளுள், அரசின் குறுகிய காலக் கடன்பத்திரங்களைவிட மிகுதியாகச் சந்தை ஈட்டித் தந்த செல்வம் முழுவதும் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு நிறுவனங்களிலிருந்தே வந்தது.

இழப்பில் உள்ள பங்கை விற்க மறுக்கும் இயல்பும் பொறுமையும் வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு ஒன்றுபோலவே தோன்றும். முதலீட்டாளர்கள் இலாபத்தில் உள்ளதை விரைந்து விற்று நட்டத்தில் உள்ளதை நெடுங்காலம் வைத்திருக்கும் போக்கை ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெயர் ஸ்டாட்மன் இருவரும் 1985இல் ஆராய்ந்தனர். விற்றால்தான் நட்டம், விற்காதவரை அது ஏட்டளவில்தான் என்ற ஆறுதலே அதற்கு அடிப்படை. சரியச் சரிய மேலும் வாங்கிச் சராசரி அடக்க விலையைக் குறைப்பதை நம் சந்தையில் ஆவரேஜ் செய்தல் என்பர். நிறுவனத்தின் நிலையை மறுபடியும் ஆராயாமல் அதைச் செய்பவர், பழைய முடிவைக் காப்பாற்றப் புதிய பணத்தைச் செலவிடுகிறார். தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள விரும்புவோர்க்கு ஒரு கேள்வி உதவக்கூடும்: இந்தப் பங்கு இன்று நம் கையில் இல்லையென்றால், இன்றைய விலையில், இன்று தெரிந்தவற்றைக் கொண்டு இதை வாங்குவோமா? இதற்கு விடை தயக்கமாக வருமானால், கையில் இருப்பதற்குப் பெயர் வேறு ஏதேனும் இருக்கலாம், பொறுமை என்று சொல்ல இயலாது.

கடன் இருக்குமிடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூட இடமில்லை. தரகரிடம் பங்குகளையே ஈடாக வைத்துப் பெறும் மார்ஜின் கடனில், ஈட்டின் மதிப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் மேலும் பணம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் தரகரே பங்கை விற்றுவிடுவார். காத்திருக்கும் உரிமை அங்கே பங்குதாரரிடம் இல்லை. 1999இன் உச்ச விலையில் அமேசானை நம்பி வாங்கிய ஒருவர், அதன் எதிர்காலத்தை எவ்வளவு துல்லியமாகக் கணித்திருந்தாலும், கடன் வாங்கியிருந்தால் 2009ஐக் கண்டிருக்க மாட்டார். அடுத்த ஆண்டு கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணமோ முதியவர் ஒருவரின் மருத்துவச் செலவோ அந்தப் பணத்தில் கலந்திருந்தாலும் நிலை ஏறத்தாழ இதுவே. தரகர் செய்ததை அப்போது குடும்பத்தின் தேவை செய்யும். ஆகவே ஒருவர் எவ்வளவு காலம் பொறுத்திருப்பார் என்பதை அவருடைய மனவலிமையைவிட, வாங்கிய நாளில் அவர் ஒதுக்கிய தொகையே பெரிதும் முடிவு செய்துவிடுகிறது.

அமேசானை நிறுவிய ஜெஃப் பெசோஸ், தொடக்கத்தில் தாம் முதலீடு கேட்டுச் சென்றவர்களிடம், அவர்களுடைய பணம் முழுவதும் போவதற்கு நூற்றுக்கு 70 வாய்ப்பு உண்டு என்று சொல்லியே கேட்டார். 1995இல் ஏறத்தாழ 2,45,000 டாலர் தந்த அவருடைய பெற்றோரிடமும் அதையே சொன்னார். அவர்கள் அதைக் கேட்ட பின்பே தந்தார்கள். ஊகப் பங்கொன்றில் குடும்பத்தின் சேமிப்பை இடுபவர், அந்தச் சேமிப்பில் சம உரிமையுடைய துணைவரிடம் இப்படி ஓர் எண்ணைச் சொல்லி ஒப்புதல் பெறுவது அரிது. விலை பாதியான பிறகே வீட்டில் செய்தி தெரியவருகிறது. பத்தாண்டுக் காத்திருப்பில் தள்ளிப்போகும் வீடும் படிப்பும் இருவருக்கும் உரியவை என்பதால், வாங்கும் நாளிலேயே அந்த எண் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.