முதலாளியின் அச்சமும் லுணுகலைத் தொழிலாளியும்

சோவியத் நாடு தோன்றியதன் பலனைப் பிற நாட்டுத் தொழிலாளரும் அனுபவித்தனர் என்று நாம் பெருமையுடன் கூறி வந்திருக்கிறோம். அதில் உண்மை உண்டு. 1917 புரட்சி நிகழ்ந்து இரண்டே ஆண்டுகளில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் அமைந்தது. அதன் முதல் உடன்படிக்கை எட்டு மணி நேர வேலையைப் பற்றியது. முதலாளிகளின் நெஞ்சம் இளகியதாலா அது வந்தது? ருஷ்யாவில் பற்றிய தீ தம் கூரைக்கும் தாவுமோ என்ற அச்சம் அதில் பெரும் பங்கு வகித்தது. ஆயின், அவ்வுடன்படிக்கை ஆலை முதலிய தொழில்களுக்கே உரியது; விவசாயத்துக்கு அன்று. லுணுகலை மலையில் கொழுந்து கிள்ளிய பெண் அந்தக் கணக்கில் இல்லை.

அச்சம் எல்லா இடத்திலும் சலுகையாகவே விளைவதில்லை. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஏழு ஆசனங்களைத் தந்தன, பதுளையில் எஸ். எம். சுப்பையா வென்றார். வேறு பல தொகுதிகளில் அவ்வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணைநின்றன. ஆளும் வர்க்கம் அஞ்சியது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. இனத் துவேஷம் ஒன்றே இதற்குக் காரணம் என்பாருடன் நாம் முழுதும் உடன்பட மாட்டோம்.

அதே 1948இல்தான் பிரிட்டனில் அனைவருக்கும் இலவச மருத்துவம் தொடங்கியது. அங்கே முதலாளியின் அச்சம் மட்டும் வேலை செய்யவில்லை. தொழிலாளி தன் வாக்கால் தொழிற்கட்சியை ஆட்சியில் அமர்த்தியிருந்தான். மான்செஸ்டர் நெசவாளியின் வாக்கைப் பறிக்க இயலாது. ஆகவே அவனுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. லயத்துத் தொழிலாளிக்குக் கொடுப்பதைவிட அவனை நாடற்றவனாக்குவது மலிவு. ஆட்சியாளருக்குக் கணக்குத் தெரியாதா என்ன!

பின்னர் மாஸ்கோ–பீக்கிங் பிணக்கு வந்தது. மாஸ்கோ பேசிய சமாதான சகவாழ்வு முதலாளித்துவத்தின் அச்சத்தைத் தணித்துவிடும் என்றனர் பீக்கிங் பக்கத்தார். அவ்வாதம் பொருளற்றதன்று. ஆனால் 1963–64இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியே இரண்டாகியது, நா. சண்முகதாசன் பீக்கிங் அணியின் தலைவரானார். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவ்வேளையில் அம்மக்களுக்காக ஒரே குரலில் முழங்க வேண்டியவர்கள் இரு முகாம்களில் நின்றனர். எந்தத் தலைநகர் மெய்யான புரட்சியுடையது என்பதன்று லயத்தில் எழுந்த கேள்வி. கப்பலேறும் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பதே.

1984இல் தோட்டத் தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடி வேலைநிறுத்தம் செய்தன. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் அவ்வாண்டுதான் கிட்டியது. அதற்கு மாஸ்கோவும் வரவில்லை, பீக்கிங்கும் வரவில்லை. பறிபோன வாக்கு தோட்டங்களுக்குச் சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது.