மழலைக்குப் பதில் சொல்பவர்

சித்திரை வெயில் ஏற ஏற, பட்டு நெசவு ஊர்களான சேவூரிலும் பக்கத்து ஆரணியிலும் ஃப்ளெக்ஸ் போர்டுகள் முளைத்துவிடும். பிரீ-கேஜி, எல்கேஜி அட்மிஷன் நடைபெறுகிறது. வேன் வசதி உண்டு. ஸ்மார்ட் கிளாஸ் உண்டு. ஸ்போக்கன் இங்கிலீஷ் உண்டு. பட்டு நூல் கொடுக்க வந்தவர்கூட, "பாப்பாவை எங்க சேர்க்கப் போறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார். பாப்பாவுக்கு மூன்று வயது முடிந்திருக்காது. அதற்குள் அந்தக் கேள்விக்கு வீட்டில் மூன்று பதில் தயாராக இருக்கும். தெருக்கோடி அங்கன்வாடியே போதும் என்பார் பாட்டி. கடன்பட்டாலும் ஆரணி மெட்ரிகுலேஷன் பள்ளிதான் என்பார் அப்பா. ஒரு வருஷம் பிளே ஸ்கூலில் விட்டுப் பார்க்கலாமே என்பார் அம்மா.

மேடையில் இதற்குத் தீர்ப்புச் சொல்வது சுலபம். தாய்மொழிக் கல்வியே சிறந்தது என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடலாம். இங்கிலீஷ் இல்லாவிட்டால் எதிர்காலம் இல்லை என்று சொல்லியும் வாங்கலாம். கூலியை எண்ணிப் பார்த்து ஃபீஸ் கட்டுகிற வீட்டில் அந்தத் தீர்ப்புகள் உதவுவதில்லை.

இங்கிலீஷ் மீடியம் கேட்கும் நெசவாளரைப் பகட்டுக்காரர் என்று சொல்லிவிடக் கூடாது. அப்படிச் சொல்பவர்கள் தம் பிள்ளைகளை எங்கே படிக்கவைத்தார்கள் என்று கேட்டால், பேச்சு பெரும்பாலும் வேறு பக்கம் திரும்பிவிடும். பட்டுத்தறி ஊர்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று நெய்யும் கோர்வைப் புடவைக்கு ஒருவர் கை போதாது. பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பல வீடுகளில் ஒரு சிறுவனுடையதாகவோ சிறுமியுடையதாகவோ இருந்தது. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடைப் பட்டியலில் வைத்தது. ஆனால் சொந்தக் குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு விலக்கும் கொடுத்தது. தறியே வீட்டுக்குள் இருக்கிற ஊரில், அந்த விலக்கு வழியாக எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் நின்றிருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. நாடா தள்ளி வளர்ந்த ஒருவர் இன்று மகளுக்கு எல்கேஜி ஃபாரம் நிரப்பும்போது, மீடியம் என்ற கட்டத்தில் 'இங்கிலீஷ்' என்று எழுதுகிறார் என்றால், தன் பிள்ளை தறிக்குழியில் இறங்க வேண்டாம் என்பதைத்தான் அவர் அங்கே எழுதுகிறார்.

அரசும் அந்த ஆசையின் பின்னால்தான் போனது. 2009 கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொன்னபோது, தமிழ்நாட்டில் அந்த நுழைவு வகுப்பு பெரும்பாலும் எல்கேஜியாக அமைந்தது. 2012-13 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளிலேயே இங்கிலீஷ் மீடியம் பிரிவுகள் வந்தன. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கின. ஆகவே பாட்டி சொல்வதும் அப்பா சொல்வதும் வெளியே தெரிகிற அளவுக்கு எதிரும் புதிருமாக இல்லை. இரண்டு பக்கமும் இங்கிலீஷ் வந்துவிட்டது.

பிஞ்சு மண்டை இரண்டு மூன்று மொழியைத் தாங்குமா என்ற கவலைக்கு இந்த வட்டாரமே பதில். மதுரை, பரமக்குடி, கும்பகோணம் போல ஆரணியிலும் சௌராஷ்டிரம் பேசும் நெசவுக் குடும்பங்கள் உண்டு. தெலுங்கு வீடுகள் உண்டு, உருது வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் பாட்டியிடம் ஒரு மொழியில் காசு கேட்டு வாங்கி, கடைக்காரரிடம் இன்னொரு மொழியில் மிட்டாய் வாங்கித் தின்று வளர்ந்தவர்கள்தான். தமிழ் உச்சரிப்புக்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் பாடகர் டி.எம்.சௌந்தரராஜனின் வீட்டுமொழி சௌராஷ்டிரம். கும்பகோணத்தில் பட்டு ஜரிகை வியாபாரம் பார்த்த எழுத்தாளர் எம்.வி.வெங்கட்ராமின் வீட்டுமொழியும் அதுதான். அவர் சௌராஷ்டிர நெசவாளர்களின் வாழ்க்கையை 'வேள்வித்தீ' என்று தமிழில் நாவலாக எழுதினார். 'காதுகள்' நாவலுக்கு 1993-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். வீட்டில் வேறு மொழி பேசியது அவர்களுடைய தமிழைக் குறைத்துவிடவில்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே? மொழிகளின் எண்ணிக்கையில் இல்லை. அதைப் பார்க்க எல்கேஜி வகுப்பில் ஜூன் மாதத்து ஒரு காலைப் பொழுது போதும். முப்பது குழந்தைகள். ஒரு குழந்தைக்கு ஒன்றுக்கு வருகிறது. வீட்டில் என்றால் "ம்மா, ஒண்ணுக்கு" என்று கவுனைப் பிடித்துக்கொண்டு குதித்திருக்கும். இங்கே, "மே ஐ கோ டு டாய்லெட், மிஸ்" என்று சொல்ல வேண்டும் என்று நேற்றுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் சொல் நினைவுக்கு வருகிறது. அடுத்தது வரவில்லை. மிஸ் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருக்கிறார். குழந்தை பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிடுகிறது. சாயங்காலம் ஈரக் கவுன் பிளாஸ்டிக் பையில் சுற்றி வீட்டுக்கு வருகிறது. "உன் பொண்ணு இன்னும் பழகலை" என்ற செய்தியும் கூட வருகிறது.

அந்தக் குழந்தை அன்றைக்கு ஒரு பாடம் கற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறது. தனக்குத் தெரிந்த சொற்கள் இந்த இடத்தில் செல்லாது என்ற பாடம். ரைம்ஸ் வந்துவிடும். ஆகஸ்டுக்குள் கையை ஆட்டி ஆட்டி நாலு பாட்டு ஒப்பிக்கும், வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் நிறுத்திச் சொல்லவைத்தால் சொல்லும். ஒப்பிப்பது பேச்சாகிவிடாது. தனக்கு ஒன்று வேண்டும், அதைச் சொன்னால் கிடைக்கும் என்று தெரிந்து வாய் திறப்பதுதான் பேச்சு.

கைக்குழந்தைகள் மொழியை எப்படிப் பிடிக்கின்றன என்று ஆராய்ந்த அமெரிக்க அறிவியலாளர் பட்ரீசியா கூல், 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே நினைத்துப் பார்க்கத்தக்கது. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் ஒன்பது மாதக் குழந்தைகள். ஒரு குழுவோடு சீன மொழி பேசுபவர் நேரில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் காட்டி விளையாடினார். பன்னிரண்டு அமர்வுகள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவி திரையில். நேரில் விளையாடிய குழந்தைகள் சீன மொழி ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. திரையில் பார்த்த குழந்தைகளிடம் அந்தத் தேர்ச்சி தெரியவில்லை. காதில் விழுந்த ஒலி இரண்டு குழுவுக்கும் ஒன்றுதான். முகம் பார்த்து, கண் பார்த்து, குழந்தை கை நீட்டினால் தானும் கை நீட்டுகிற ஓர் ஆள் இருந்ததுதான் வித்தியாசம். போர்டில் போட்டிருக்கும் ஸ்மார்ட் கிளாஸைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

தாய்மொழிப் பக்கத்துக்கும் ஒரு சான்று. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கிறார்கள், பாடநூலுக்கும் ஆசிரியருக்கும் குறைவில்லை. ஆனால் நாட்டு மக்களில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கில் 3.3 சதவீதம், 2020-ல் 2.5 சதவீதம். பள்ளி தமிழைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, வீட்டில் பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. இங்கிலீஷைப் பள்ளி கொடுத்துவிடும் என்று நம்பும் அப்பாவும், தமிழைப் பள்ளி காப்பாற்றிவிடும் என்று நம்பும் மொழிப்பற்றாளரும் ஒரே தவறான முகவரிக்குக் கடிதம் போடுகிறார்கள்.

முதல் மொழியிலிருந்து இரண்டாம் மொழிக்குப் போகும் வழி தறி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த வழிதான். ஒரு பாவு நெய்து முடிந்ததும் மிச்ச இழைகளை அறுத்து எறிந்துவிட மாட்டார்கள். விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே விட்டு வைப்பார்கள். புதுப் பாவு வந்ததும் பழைய இழை ஒன்றோடு புது இழை ஒன்று என்று விரல் நுனியில் முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. பொறுமையான வேலை. பிணைத்து முடித்து இழுத்தால், பழைய இழை போன வழியிலேயே புது இழையும் போய் நிற்கும். மிச்சத்தை அறுத்துவிட்டாலோ, ஒவ்வோர் இழையையும் முதலிலிருந்து கோக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்கும் அப்படித்தான். தண்ணீர் என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்த குழந்தைக்கு வாட்டர் என்ற சொல் எளிதாக வந்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் என்று கேட்டதற்காக அதட்டு வாங்கிய குழந்தை வாட்டர் என்பதையும் பயந்துகொண்டேதான் சொல்லும்.

இன்று விலை உயர்ந்த பள்ளிகளின் போர்டில் 'மாண்டிசோரி' என்ற பெயரைப் பார்க்கிறோம். மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907-ல் தொடங்கிய இடம் ரோம் நகரின் சான் லொரென்சோ. உழைக்கும் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பு அது. பெற்றோர் வேலைக்குப் போய்விட, பகலெல்லாம் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகளுக்காகத் திறந்த அறை. 1939-ல் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல, பல மொழிக்காரர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். அத்தனை மொழிகளைக் கடந்தும் அவர்கள் கற்றுக்கொண்டு போனதன் சாரம் ஒன்றுதான்: குழந்தையைக் கவனி, அவசரப்படுத்தாதே.

அந்த சான் லொரென்சோ அறைக்கு இன்று நம் ஊரில் நெருங்கிய உறவு தெருக்கோடி அங்கன்வாடிதான். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. முட்டை உண்டு, கலவைச் சோறு உண்டு, சத்துமாவு உண்டு. எடை பார்த்துக் குறித்து வைப்பார்கள். டீச்சரும் ஆயாவும் குழந்தையின் மொழியில் பேசுகிறவர்கள், குழந்தையின் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். குறையும் உண்டு. எடை, பதிவேடு, தடுப்பூசி, கர்ப்பிணிப் பெண்களுக்கான பணி என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்கும்போது, குழந்தையோடு பேச மிஞ்சும் நேரம் சுருங்கிவிடுகிறது. பேசத் தெரிந்த மொழி இருந்தும் பேச நேரமில்லாத மையமும் உண்டு. இங்கிலீஷ் மீடியம் என்று போர்டு போட்டிருந்தும், அழுகிற குழந்தையை மடியில் வைத்து, "என்னடா கண்ணு, பசிக்குதா?" என்று கேட்டுவிட்டு, பிறகு மெல்ல "ஹங்க்ரி" என்று சொல்லித் தருகிற மிஸ்ஸும் உண்டு. போர்டை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஆகவே அட்மிஷனுக்கு முன்னால் அரை மணி நேரம் வகுப்பு வாசலில் நின்று பார்ப்பது நல்லது. ஒரு கேள்வி கேட்டுவிட்டு டீச்சர் பதிலுக்குக் காத்திருக்கிறாரா, அல்லது தானே சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகிறாரா? குழந்தை வேறு மொழியில் பதில் சொன்னால் அதை ஏற்கிறாரா? சேர்த்து எத்தனை பிள்ளைகள், பெரியவர் எத்தனை பேர்? ஒன்றுக்கு வந்தால் எந்தச் சொல்லில் சொன்னாலும் செல்லுமா? வேனில் போகவர எவ்வளவு நேரம், அது குழந்தை தூங்கும் நேரத்தைத் தின்றுவிடுமா? இந்தக் கேள்விகளில் ஒன்றுகூடத் தமிழா இங்கிலீஷா என்று கேட்கவில்லை. ஆனால் இரண்டும் வருமா வராதா என்பது இவற்றின் பதிலில்தான் இருக்கிறது.

அதே கேள்விகள் வீட்டுக்கும் பொருந்தும் என்பதுதான் கொஞ்சம் சங்கடம். அம்மா தார் சுற்ற, அப்பா தறியில் உட்கார, சத்தத்துக்கு நடுவே குழந்தை நாலு தடவை கூப்பிட்டுவிட்டு ஓய்ந்துபோகும் வீடுகள் உண்டு. அதன் கையில் செல்போனைக் கொடுத்தால் வேலை நடக்கிறது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த நேரத்துக்கு ஈடாக எந்த ஃபீஸ் கட்டியும் பேச்சை வெளியே வாங்கிவிட முடியாது.

குழந்தைக்கு முதலில் வருவது தமிழும் அல்ல, இங்கிலீஷும் அல்ல. நான் சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை முதலில் வருகிறது. எல்லா மொழியும் அதன் மேல்தான் வந்து உட்கார்கிறது. அந்த நம்பிக்கை உள்ள குழந்தை தமிழில் தொடங்கி இங்கிலீஷுக்கும் போகும், சௌராஷ்டிரத்தில் தொடங்கித் தமிழுக்கும் போகும். நாளைக்கு பெங்களூரில் வேலை கிடைத்தால் கன்னடத்தையும் கூச்சமில்லாமல் கேட்டுப் பழகிக்கொள்ளும். அது இல்லாத குழந்தைக்கு எத்தனை மொழி சொல்லிக் கொடுத்தாலும், வாய் திறக்கும்முன் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளும். எந்தப் பள்ளி என்று நாம் கேட்பது, உண்மையில் நாம் இல்லாத நேரத்தில் நம் குழந்தைக்கு யார் பதில் சொல்வார்கள் என்ற கேள்விதான். அதற்கு ஒரு மனிதரைக் காட்ட முடிகிற வாசல் எதுவோ, அங்கே சேர்க்கலாம்.