ஏற்றத்தில் வருகிறவன்

இன்றைய கார்களுக்கு ஆன்மா இல்லை என்று கார் ரசிகர்கள் சொல்கிறார்கள். திருநெல்வேலியிலும் இப்படிச் சொல்கிற ஒரு சிறு கூட்டம் உண்டு. தானாக கியர் மாறும் வண்டியை ஓட்டுவது ஓட்டுவதாகாது, கையும் காலும் எஞ்சினோடு பேச வேண்டும், கியர் ராடு போய்விட்டால் ஓட்டுகிறவன் வெறும் பயணி என்பது இவர்கள் கட்சி. ஆன்மா போன்ற கனத்த வார்த்தையை இவ்வளவு சுலபமாக ஒரு யந்திரத்தின் மீது ஏற்றிவிட முடிவது நம் பாஷையின் இன்றைய நிலைமைக்கு ஒரு சாட்சி. போகட்டும். வார்த்தைதான் தவறு, ஏதோ ஒன்று போய்விட்டது என்ற உணர்வு பொய்யல்ல. போனது எது என்று பார்க்க வேண்டும்.

வேகம், திறன் என்ற வாதத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 1989இல் ஃபெராரி தன் பந்தயக் காரில் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமலே கியர் மாற்றும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அந்த வருஷத்தின் முதல் பந்தயத்திலேயே வென்றது. சில வருஷங்களில் மற்றவர்களும் மாறிக்கொண்டார்கள். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டப் போனபோது அங்கே கிளட்ச் மிதியும் இல்லை, ராடும் இல்லை. உலகத்தின் அதிவேக ஓட்டிகள் கைவிட்டதைத் திறனின் பெயரால் பாளையங்கோட்டை ரசிகர் தாங்கிப் பிடிப்பது வேடிக்கை.

மிஞ்சுவது வித்தை. இதை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. அம்பாசிடரில் வெகுகாலம் கியர் ஸ்டீயரிங் தண்டின் பக்கத்திலேயே இருந்தது. பழைய வண்டிகளில் முதல் கியருக்கு ஸிங்க்ரோமெஷ் கிடையாது. உருண்டுகொண்டிருக்கும்போது அதற்கு இறங்கினால் பல் கடிக்கும். பழைய லாரிகளில் எல்லாக் கியருமே அப்படித்தான். டபுள் கிளட்ச் என்பார்கள் டிரைவர்கள். கிளட்சை மிதித்து நியூட்டரலுக்கு வந்து, காலை எடுத்து, எஞ்சினை ஒருமுறை உறுமவிட்டு, மறுபடி மிதித்துக் கீழ் கியரைப் போட வேண்டும். சுழலும் இரண்டு பற்சக்கரங்களின் வேகம் ஒத்துப்போகிற கணத்தைக் காதால்தான் பிடிக்க முடியும். மீட்டர் எதுவும் உதவாது. ஸ்வரம் சேர்கிறதைக் கேட்கிறவனின் பிரக்ஞைதான் இதுவும்.

ஆனால் மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கும் நாலுமுக்குக்கும் ஊத்துக்கும் இந்த வித்தையைச் செய்துகொண்டே ஏறியவன் சம்பளத்துக்குச் செய்தான். அவன் இடது முழங்காலைக் கேட்டால் வேறு அபிப்பிராயம் சொல்லும். ரசிகன் ஞாயிற்றுக்கிழமை விரும்பி மேற்கொள்கிற சிரமமும் இவனுக்கு விதிக்கப்பட்ட சிரமமும் பார்வைக்கு ஒன்று போலிருக்கும். ஒருவன் வேண்டாமென்றால் விட்டுவிடலாம். மற்றவன் விட்டால் வேலை போய்விடும். உத்தரபாராவில் அம்பாசிடர் நின்றுபோன அதே 2014இல் மாருதியின் செலேரியோ வந்தது. அதில் கிளட்சும் பல்லும் பழையபடியே இருக்க, காலின் வேலையையும் கையின் வேலையையும் மட்டும் ஒரு யந்திரம் எடுத்துக்கொண்டது. நாளெல்லாம் ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு இது விமோசனம். ஆன்மாவின் பெயரால் இதை மறுக்க யாருக்கும் உரிமையில்லை.

யந்திரத்துக்கு எதிரே வரும் வளைவு தெரியாது, மனிதனுக்குத் தெரியும் என்று ஒரு வாதம் உண்டு. இதுவும் நிற்கவில்லை. வரைபடத்தைப் பார்த்து வளைவு வருமுன்பே கியரைத் தேர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை ரோல்ஸ் ராய்ஸ் 2013இலேயே செய்துவிட்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மலைப்பாதையில், இரண்டு வண்டி விலக இடமில்லாத இடத்தில், இறங்குகிறவன் நின்று ஏறுகிறவனுக்கு வழிவிட வேண்டும். 1989ஆம் வருஷத்துச் சாலை விதிகளில் இது எழுதியே இருந்தது. காரணம் தூலமானது. பாரத்தோடு ஏறுகிற வண்டி நின்றுவிட்டால் இழுவை போய்விடும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பாதிக் கிளட்சில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி முதல் கியரில் எடுக்க வேண்டும். கிளட்ச் தீய்கிற நாற்றம் வரும். இறங்கி வருகிறவனுக்கு இது காலில் தெரியும். நேற்று அவனும் ஏறியிருக்கிறான். ஆகவே அவன் ஒதுங்குவதை இரக்கம் என்று சொல்ல மாட்டேன். இரக்கத்துக்கு ஒரு தூரம் வேண்டும். இங்கே அடுத்தவன் படும் பாடு தன் உடம்பின் ஞாபகமாகவே இருக்கிறது.

தாமிரபரணி கடலில் கலக்கும் தூத்துக்குடி மாவட்டத்தில், 2025 ஆகஸ்டில், வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. மின்சாரக் காரில் கியர் மாற்றுவது என்ற காரியமே கிடையாது. நின்ற நிலையிலிருந்தே மோட்டார் முழு பலத்தோடு இழுக்கும். ஏற்றத்தில் நிறுத்தினால் தானே நிற்கும், மிதித்தால் சத்தமில்லாமல் கிளம்பும். இதை மட்டுமே ஓட்டிப் பழகியவன் பாபநாசம் காரையார் பாதையில் இறங்கி வரும்போது, கீழேயிருந்து பாரத்தோடு ஒரு பழைய லாரி ஏறி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் கண்ணில் படுவது ஒரு லாரியும் கொஞ்சம் புகையும். அது நின்றால் என்ன ஆகும் என்பது அவனுக்குச் செய்தியாகக்கூடத் தெரியாது.

கார் ரசிகர்கள் இதைப் பேசுவதில்லை. அவர்கள் பேச்சில் வரும் சாலையில் எதிரே யாரும் வருவதே இல்லை. கியர், எஞ்சின், அவன், வளைவு, அவ்வளவுதான். ஆன்மா என்று அவர்கள் சொல்வது கடைசியில் தன் அனுபவத்தைத் தானே ருசிப்பது.

சிரமப்பட்டவனெல்லாம் வழிவிட்டான் என்று நான் சொல்லவில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே இறங்கி, ஏறுகிறவனை நடு ஏற்றத்தில் நிறுத்திவைத்த டிரைவர்கள் எந்த மலைப்பாதையிலும் உண்டு. ஆனால் செய்வது இன்னதென்று தெரிந்தே அவர்கள் செய்தார்கள். லாரிக்காரன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துத் திட்டினால் அந்தத் திட்டு அவர்களுக்குப் புரிந்தது; சிலர் பின்னால் எடுத்ததும் உண்டு. தெரிந்து செய்கிற அநியாயத்தோடு சண்டையாவது போடலாம். இனி வருகிறவனை என்ன சொல்லித் திட்டுவது? அவன் அநியாயக்காரனே அல்ல. விதியைக் காட்டலாம். விதி எதற்கு என்று அவன் கேட்பான், நியாயமாகத்தான் கேட்பான். லாரிக்காரன் பிரேக்கில் வைத்த காலை எடுக்க முடியாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.