உம்பான் சோறும் உள்ளத் தெளிவும்

அய்யா உண்டு.

பசித்த வயிற்றில் பயம் குடியேறும். ஊணும் உறக்கமும் தப்பினால் மனம் தடுமாறும். வாகைப்பதியில் 700 குடும்பங்களைத் துவையல் தவசு இருத்திய அய்யா, துவைத்து, நீராடி, புலால் நீக்கி, அளவோடு உண்ணச் செய்தார். உடலோடு உள்ளமும் தெளிந்து, அஞ்சிக் கிடந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

பதியில் அரிசியும் காய்களும் சேர்ந்து வெந்த உம்பான் சோற்றை எல்லாரும் பேதமின்றி ஒன்றாய் இருந்து உண்கிறார்கள். துயருற்றவருக்குச் சோற்றோடு அந்தத் துணையும் மருந்து.

வீட்டில் ஒருவர் உண்ணாமல் ஒதுங்கிக் கிடந்தால் "கொழுப்பு" என்று ஏசாதீர்கள். அது மனநோயாகவும் இருக்கலாம். அருகிருந்து கஞ்சி கொடுங்கள். மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அதுவும் அய்யாவுக்குச் செய்யும் பணிவிடையே.

அய்யா உண்டு.