சாய்ந்த மரம் உங்கள் பொறுப்பு

பாறசாலை, செங்கல், காரோடு, இஞ்சிவிளைப் பக்கத்து உறவுகளே! கோடைமழையும் துலாவர்ஷமும் நமக்குப் புதிதல்ல. மதியம் தாண்டினால் கிழக்கே அகத்தியமலைப் பக்கம் மேகம் கறுக்கும். மழை வருகிறதென்று மனம் குளிரும். அந்த மழையோடு சில நாள் வந்து விழும் காற்றைப் பற்றிச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இடிமேகத்திலிருந்து இறங்கும் மழைத்துளிகள் வழியிலேயே ஆவியாகும், ஆலங்கட்டி உருகும். அதனால் குளிர்ந்து கனத்த காற்று அப்படியே கீழே விழும். தரையில் கவிழ்த்த குடத்து நீரைப்போல நாலா பக்கமும் பாயும். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டலாம். 1975-இல் நியூயார்க்கில் தரையிறங்க வந்த விமானம் நொறுங்கியதை ஆராய்ந்து, இந்தக் காற்றை உலகுக்கு அடையாளம் காட்டினார் வானிலை ஆய்வாளர் டெட் புஜிதா.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் ரப்பரையும் வாழையையும் முறித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒக்கிக்குப் பெயர் இருந்தது. இந்தக் காற்றுக்குப் பெயரில்லை. பல நேரம் 4 கிலோமீட்டர் அகலம்கூட இல்லை. ஐந்து பத்து நிமிடத்தில் அடித்து ஓய்ந்துவிடும். மாவட்டத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை வரும். உங்கள் தெருவின் பெயரைச் சொல்லி வராது.

ஆகவே செய்ய வேண்டியதை முன்பே செய்துவிடுங்கள். பட்டுப்போன தென்னையையும் சாய்ந்த அயினியையும் வெட்டுங்கள். கூலிக்கு அஞ்சித் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மரம் விழுவது அடுத்த வீட்டுப் பிள்ளை உறங்கும் ஓட்டுக்கூரையின்மேல். வேலித் தகராறு இருந்தாலும், அடுத்த வீட்டுக்காரர் வந்து கேட்கட்டும் என்று காத்திருப்பது பாவம்.

குலைதள்ளிய ஏத்தன் வாழைக்கு இப்போதே ஊன்றுகால் கொடுங்கள். காற்று கிளம்பிய பிறகு தோட்டத்துக்கு ஓடாதீர்கள். குலை அடுத்த ஆண்டும் வரும். மாங்காய் பொறுக்கப் பிள்ளைகளை மரத்தடிக்கு விடாதீர்கள். பைக்கில் போகிறவர்கள் மரநிழலில் ஒதுங்காமல் உறுதியான கட்டடத்துக்குள் நுழையுங்கள். காற்று ஓய்ந்ததும் ஆபத்து போய்விட்டதென்று எண்ணாதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியை நெருங்காமல், வருகிறவர்களையும் தடுத்து நிறுத்தி, மின்வாரியத்தின் 1912-ஐ அழையுங்கள்.

இன்று மாலைக்குள் உங்கள் விளையை ஒருமுறை சுற்றி வாருங்கள், அண்ணாந்து பாருங்கள். எது சாய்ந்தது, எது பட்டது என்று உங்களுக்கே தெரியும். தெரிந்தும் விட்டுவைத்த மரம் ஓர் உயிரை வாங்கினால், அந்தப் பழி காற்றைச் சேராது.